நாலு பட்டை ஆணி

அந்த வளைவில் வண்டி பஞ்சராகும் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். ஏன் ஆகும் என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியாது. ரோட்டைக் குறை சொல்ல வழியில்லை. குண்டு கிடையாது, குழி கிடையாது, ஜல்லி பெயர்ந்த இடம்கூடக் கிடையாது. ஒரு பக்கம் ஏதோ பழைய கிடங்கின் ஆளுயரச் சுவர், மறுபக்கம் ஒட்டுக்காரரின் பஞ்சர் கடை. நேராக வருகிற வண்டி சுவரோரமாகத் திரும்பி, கடையைத் தாண்டுவதற்குள் பின்சக்கரம் பொசுக்கென்று தரையில் உட்கார்ந்துவிடும். இறங்கிப் பார்த்தால் எதிரிலேயே தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கிற மெஷின், உப்புத்தாளும் கையுமாக ஒட்டுக்காரர். இப்படியொரு சௌகரியம் எந்த ஊரில் கிடைக்கும்?

"அதிர்ஷ்டக்காரன்யா நீ, நல்ல இடமாப் பார்த்துப் பிடிச்சே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கையைத் தூக்கிக் காட்டுவார். பார்க்கத்தான் வேண்டும் அந்தக் கையை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. டயருக்குள் விரலை விட்டுத் தடவித் தடவி ஆணி தேடியதில் வலது கை நடுவிரல் நுனியில் ரேகையே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கைப்பம்பு ஒன்றும் உடைந்த வாளி ஒன்றுமாக அந்த இடத்தில் உட்கார்ந்தவர். விடிந்தால் கடை, இருட்டினால் வீடு. மழை பெய்தால் தலையில் சாக்கு, வெயிலடித்தால் அதே சாக்கு. அப்படித்தான் தகரக் கொட்டகை சிமெண்டுக் கட்டடமாயிற்று, கைப்பம்பு போய் மெஷின் வந்தது, பின்னால் மூன்று அறையும் மொட்டைமாடியுமாக வீடு எழும்பியது.

"இதுல எங்கய்யா இருக்கு அதிர்ஷ்டம்? எல்லாம் உழைப்பு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, உழைக்கத்தான் செய்தார்.

ஊர் வாய் அப்படியே விட்டுவிடுமா? ஒட்டுக்காரரே ஆணி போடுகிறார் என்று ஒரு சமயம் பேச்சு கிளம்பியது. காய்கறி லாரி ஓட்டுகிறவர்கள் நான்கு பேர் முறைபோட்டு ஒரு வாரம் சுவரோரம் உட்கார்ந்து அவரைக் கண்காணித்தார்கள். அவர் மறைக்கவில்லை. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டி, தினமும் காலையில் அவர்கள் கண்ணெதிரிலேயே அந்த வளைவு முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். மூன்று தடவை போவார், மூன்று தடவை வருவார். ஒரு குண்டூசிகூட ஒட்டவில்லை. அவர் காந்தக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு டீயைக் கையில் எடுப்பதற்குள் முதல் வண்டி உட்கார்ந்தது. ஒரு வாரம் பார்த்த லாரிக்காரர்கள் எழுந்து போனார்கள். அதில் ஒருவர் மட்டும் அதற்கப்புறம் அந்த ரோட்டில் வருவதையே நிறுத்திக்கொண்டார். சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரம் கூடுதல். அப்படியும் அவர் சுற்றித்தான் போனார்.

எடுத்த ஆணியையெல்லாம் ஒட்டுக்காரர் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். அது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் செய்வதுதான். ஆணியைக் காட்டினால்தான் வண்டிக்காரனுக்கு நம்பிக்கை வரும். காட்டிவிட்டு ரோட்டில் வீசினால் அடுத்த சக்கரத்தில் ஏறும். அதனால் டப்பாவில் போடுவது. அவர் அதைப் பார்த்ததே கிடையாது, போடுவதோடு சரி. பார்த்தது அவர் மனைவி.

ஒருநாள் சுவரில் எதையோ மாட்ட ஓர் ஆணி வேண்டுமென்று டப்பாவைத் திறந்தாள். நூறு வண்டியில் எடுத்த ஆணி நூறு விதமாக இருக்க வேண்டுமல்லவா? எல்லாம் ஒரே ஆணி. விரல் நீளம். தலை மட்டும் பொத்தான் மாதிரி அகலம். தண்டு உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருந்தது. ஒன்றில்கூடத் துரு இல்லை. கடைசியாகப் போட்டதும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்டதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. இரும்புக் கடைக்காரரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி எந்தக் கம்பெனியும் அடிப்பதில்லை என்றார். அடித்தால் சொல்லுங்கள், நானே வாங்கி விற்கிறேன் என்று சிரித்தார்.

திரும்பி வந்து டப்பாவை மேலே வைக்கும்போது கை தவறிவிட்டது. சிமெண்டுத் தரை முழுக்க ஆணி கொட்டியது. கொட்டிய சத்தம் அடங்கியதும் அவள் குனிந்து பார்த்தாள். அத்தனை ஆணியும் தலையைத் தரையில் ஊன்றி, முனையை மேலே தூக்கி நின்றுகொண்டிருந்தது. வாத்தியார் உள்ளே வந்ததும் எழுந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ஒன்று சாயவில்லை. நடுவில் இவள், வெறுங்கால். நகரப் பயந்து அங்கேயே நின்று புருஷனைக் கூப்பிட்டாள். அவர் வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வழி பண்ணினார்.

"தலை கனம், தண்டு லேசு. அதான் நிக்குது" என்றார்.

"தலையாட்டிப் பொம்மையைத் தூக்கிப் போட்டாக்கூட ஒண்ணு ரெண்டு சாயுமேங்க."

"இதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு வேலை ஓடாது" என்று அவர் கடைக்குப் போய்விட்டார். அவள் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்புப் போட ஆரம்பித்தாள்.

இந்த நிலையில்தான் அண்ணன் வந்தார்.

ஒட்டுக்காரருக்கு ஐந்து வயது மூத்தவர். சின்ன வயதில் அம்மா அவரை எறும்பு என்றுதான் கூப்பிடுவாள். விறகு பிளப்பார், தண்ணீர் இறைப்பார், சொன்ன வேலையை முடித்துவிட்டுச் சொல்லாத வேலையையும் செய்வார். தம்பிக்கு அப்போது பெயர் போர்வை. எட்டு மணிக்கு முன் அதற்குள்ளிருந்து தலை வெளியே வராது. அம்மா இருந்தால் எறும்புக்கும் போர்வைக்கும் நடந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

அண்ணன் குடைக்கடை வைத்தார், இரண்டு வருஷம் மழை நின்றது. சரியென்று செங்கல் அறுக்கப் போனார், அறுத்த கல் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டு அத்தனையும் சேறாய்ப் போனது. ஐஸ் கட்டி போட்டார், மின்சாரம் போனது. கோழி வளர்த்தார், சீக்கு வந்தது. மெழுகுவத்தி செய்தார், மின்சாரம் ஒழுங்காக வந்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒவ்வொன்றிலும் மனிதர் இடுப்பொடிய வேலை செய்திருக்கிறார். பார்த்தவர்கள் சொல்வார்கள். கடைசியில் எல்லாம் போய், மனைவியையும் இரண்டு பெண்களையும் ஒற்றை அறையில் குடிவைத்துவிட்டு, தம்பியிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்து நின்றார். தம்பியிடம் கற்க வெட்கப்படவில்லை. அந்த ஒன்று பெரிய விஷயம்.

இரண்டே மாதத்தில் தம்பியை மிஞ்சிவிட்டார். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் தம்பிக்குக் குமிழி வந்தால்தான் தெரியும். அண்ணன், குமிழி வருவதற்கு முன்பே அந்த இடத்தில் விரலை வைத்திருப்பார். உப்புத்தாளால் உரசி, சொல்யூஷன் தடவி, அது பதமாகக் காயும் வரை வாய் திறக்காமல் காத்திருந்து, ஓரம் சீவிய ரப்பர் ஒட்டை வைத்து அழுத்தினாரென்றால் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாது. வண்டிக்காரர்கள் வாய்விட்டுப் பாராட்டினார்கள். ஒட்டுக்காரருக்கும் பெருமைதான். 'பார்த்தியா, இத்தனை நாளா இப்படி உழைச்சிருந்தா எங்கயோ போயிருப்பே' என்பார். அண்ணன் தலையை ஆட்டிக்கொள்வார்.

அப்புறம் ஒட்டுக்காரருக்கு விஷக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் படுத்துவிட்டார். கடை அண்ணன் கையில்.

பதினோரு நாளும் ஒரு வண்டி நிற்கவில்லை.

சாப்பாடு கொண்டுபோன மனைவி பார்த்திருக்கிறாள். அண்ணன் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தினமும் புதுத் தண்ணீர் மாற்றியிருந்தார். நெம்புக் கம்பிகளை அளவு வாரியாக அடுக்கியிருந்தார். கடைக்குள் உட்கார மாட்டாமல் ரோட்டோரம் நின்று, வளைந்து வருகிற ஒவ்வொரு வண்டியின் பின்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வண்டி. எல்லாம் ஜம்மென்று திரும்பிப் போய்க்கொண்டே இருந்தன. உருளைக்கிழங்கும் சோறும் ஆறிப்போகும். அவர் சாப்பிட உட்கார்ந்தால் அந்த நேரம் வண்டி வந்து திரும்பிப் போய்விடுமோ என்று பயம்.

பன்னிரண்டாம் நாள் ஒட்டுக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். டப்பாவில் புதிதாக ஓர் ஆணிகூட விழவில்லை என்று தெரிந்ததும் வந்ததே கோபம்.

"வண்டிங்க வருதுடா தம்பி. வளையுது. போயிடுது" என்றார் அண்ணன்.

"பன்னெண்டு வருஷமா எனக்கு நின்ன வண்டி உனக்கு மட்டும் நிக்காதா? தூங்கியிருப்பே. நின்னுட்டு, ஆள் இல்லைன்னு தள்ளிக்கிட்டுப் போயிருப்பான். எனக்கு வாய்க்கலை, எனக்கு வாய்க்கலைங்கறதெல்லாம் சோம்பேறி பேசற பேச்சுண்ணே. உடம்பு வளைஞ்சவனுக்கு எல்லாம் வாய்க்கும்."

பேசி முடித்து அவர் ஸ்டூலில் உட்காரவும் வளைவில் ஒரு வண்டி பொசுக்கென்று உட்காரவும் சரியாக இருந்தது. பால்காரர் வண்டி. பத்து மணிக்குள் இன்னும் இரண்டு. ஒட்டுக்காரர் அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையை வாசலில் நின்ற மனைவி பார்த்தாள், அவளுக்கே தாங்கவில்லை. அண்ணன் கை கழுவினார், சட்டையை மாட்டினார், போய்விட்டார்.

கோபம் தணிந்ததும் ஒட்டுக்காரரே போய் அண்ணனுக்கு ஒரு கடை பிடித்துக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, தான் சொன்னது சரி என்று நிரூபிக்கிற ஆசையும் இருந்தது. மூன்று ரோடு கூடுகிற இடம். ஒரு ரோடு ஆலைக்கு, ஒன்று சந்தைக்கு, ஒன்று ரயில் நிலையத்துக்கு. சைக்கிளும் லாரியும் தள்ளுவண்டியுமாக எறும்புக்கு இடம் இருக்காது. இந்த இடத்தில் உட்கார்ந்து ஒருத்தனால் பிழைக்க முடியவில்லை என்றால் அவன் மனிதனே இல்லை என்று அண்ணன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தார். அந்த வார்த்தையை அவர் அன்றே மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை.

இருபத்தைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அண்ணி வந்தாள். அதிகம் பேசாத பொம்பளை. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரு வண்டி வரலை தம்பி. காத்து அடிக்க வர்றாங்க, வழி கேக்க வர்றாங்க. பஞ்சர்னு ஒருத்தர் வரலை. அவர் சும்மா இல்லை. காலைல நாலு மணிக்கே போயிடறார். ஒட்டு வெட்டறார், ஓரம் சீவறார், ஒரு சாக்கு நிறைய வெட்டி வெச்சிருக்கார். அதுவும் முடிஞ்சு போச்சு. இப்ப தன்னோட சைக்கிள் டியூபை எடுத்து ஒட்டறார்."

"அது பஞ்சரா?"

"இல்லை. ஓட்டையே இல்லாத டியூபு. அதுல நாப்பது ஒட்டு இருக்கு."

ஒட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தார்.

"தம்பி சொன்னதுதான் சரி, சோம்பல் எனக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்குங்கறார். ராப்பகலா அதைத் தேடிக்கிட்டிருக்கார் தம்பி, தன்கிட்டயே." அண்ணி குரல் உடையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு சட்டை மடிச்சுப் பையில வெச்சிருக்கார். மாசம் முடியட்டும், நான் எங்கயாவது போயிடறேன், என் காத்து படலைன்னா நீயும் பொண்ணுங்களும் பிழைச்சுக்குவீங்கன்னு சொல்றார். அவர் சொன்னா செய்வார். இன்னும் அஞ்சு நாள் இருக்கு. நீங்க ஏதாவது பண்ணுங்க."

அவள் போனதும் ஒட்டுக்காரர் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்ன ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் கலைக்கப் போகிறது என்று உறைத்தது. அழுகை வந்தது, அழவும் செய்தார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. உழைப்பை நம்புகிறவனுக்கு வரக்கூடிய யோசனைதான் அது. வண்டி தானாக வரவில்லையென்றால் வரவைக்க வேண்டும். ஊர் ஒரு காலத்தில் தன்மேல் சுமத்திய திருட்டை அண்ணனுக்காக ஒரே ஒருமுறை செய்துவிடலாம்.

மறுநாள் மத்தியானம் பிஸ்கட் டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று மனைவி கேட்டாள். செருப்பை மாட்டினார். அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், திரும்பி வரும்போது டப்பா காலியாக வர வேண்டும் என்று.

வெயில் உச்சியில் நின்றது. மூன்று ரோடு கூடுகிற இடத்தில் தார் இளகி மினுமினுத்தது. அண்ணன் கடைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் அடிமட்டம் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. நாற்பது ஒட்டுப் போட்ட டியூப் கொக்கியில் தொங்கியது. ஒட்டுக்காரர் சந்தை ரோட்டுப் பக்கம் போய், வண்டி வராத நேரம் பார்த்து, டப்பாவைச் சாய்த்தபடி ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நடந்தார். மடியிலிருந்து விதை தூவுகிறவர் மாதிரிதான் நடந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது முதல் அதிர்ச்சி. ஒரு ஆணிகூட நிற்கவில்லை. வீட்டுத் தரையில் அத்தனையும் விறைத்துக்கொண்டு நின்ற ஆணி, இங்கே ஒவ்வொன்றும் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

லாரி ஒன்று வந்தது. ஆறு சக்கரமும் ஆணி மேல் ஏறி இறங்கிப் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பின்னாலேயே ஐந்தாறு சைக்கிள், ஒரு மூட்டை வண்டி, இன்னொரு லாரி. சக்கரத்துக்கு அடியில் ஆணிகள் கடுகு மாதிரி தெறித்தன, உருண்டன, மறுபடி படுத்துக்கொண்டன. ஒட்டுக்காரர் குனிந்து நாலைந்து ஆணியைத் தன் கையாலேயே நிமிர்த்தி வைத்தார். இளகின தாரில் தலையை அழுத்தி, ஆடாமல் நிற்கும்படி வைத்துவிட்டு ஓரமாக வந்தார். அடுத்து வந்த வண்டியின் சக்கரம் நேராக அதன்மேல் போவதைப் பார்த்தார். சக்கரம் போன பிறகு ஆணி படுத்திருந்தது. வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு சந்தைப் பக்கம் போய் மறைந்தது.

"அண்ணே, ஒரு பஞ்சர் பார்க்கணும்."

பின்னாலிருந்து குரல். ஆலை உடுப்புப் போட்ட ஒரு பெண், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றாள். வந்தது ரயில் நிலைய ரோட்டிலிருந்து. அந்தப் பக்கம் அவர் ஓர் ஆணிகூடப் போடவில்லை. கடையைத் தாண்டி, 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்' என்று அண்ணன் பெரிதாக எழுதி வைத்த பலகையைத் தாண்டி, ரோட்டோரம் காலி டப்பாவோடு நின்ற இவரிடம் வந்து கேட்கிறாள்.

"கடை என்னுது இல்லைம்மா. அவருது" என்று கை காட்டினார்.

அண்ணன் அதற்குள் எழுந்து வந்துவிட்டார். தம்பியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். சைக்கிளை வாங்கினார். இருபத்தாறு நாள் பசியோடு இருந்த கை. டயரை நெம்பி, டியூபை உருவி, தண்ணீரில் வைத்து, ஓட்டையைப் பிடித்து, காய வைத்து, ஒட்டி முடித்ததை ஒட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். தன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒருமுறைகூட அவர் ஒட்டியதில்லை. கடைசியில் அண்ணன் டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவி, ஆணியை உருவி உள்ளங்கையில் வைத்தார். நாலு பட்டை. அகலத் தலை. உள்ளங்கையில் அது எழுந்து நின்றது.

அந்தப் பெண் போன பிறகு அண்ணன் ரோட்டில் இறங்கி, வண்டி வராத இடைவெளியில் ஒவ்வொரு ஆணியாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். ஒட்டுக்காரரும் கூடப் பொறுக்கினார். முடித்துவிட்டு இருவரும் கடை நிழலில் உட்கார்ந்தார்கள்.

"நீதான் கொட்டினியா?"

"ஆமாண்ணே."

"எனக்கு வண்டி வரணும்னா?"

"ஆமா."

"எத்தனை வண்டி ஏறிச்சு?"

"பதினஞ்சு இருக்கும். ஒண்ணும் ஆகலை."

"நீ வந்து நின்னதும் ஒண்ணு வந்திருச்சு. நீ ஆணி போடாத ரோட்டுலேருந்து." அண்ணன் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். அப்புறம் திரும்பினார். ஐம்பது வயது மனிதர் முகத்தில் சின்னப் பிள்ளையின் ஆசை தெரிந்தது. "அப்போ நான் சோம்பேறி இல்லையேடா தம்பி?"

"இல்லண்ணே. நீ என்னைவிட நல்லா உழைச்சவன். எப்பவுமே."

அண்ணன் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தபோது பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். ஒட்டுக்காரருக்கோ, அந்த வார்த்தையைச் சொன்னதும் தன்னிடம் இருந்த ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

இரண்டு கடை வேண்டாம், ஒரே கடை போதும் என்று முடிவாயிற்று. மறுநாளே அண்ணன் வளைவுக்கு வந்துவிட்டார். அண்ணி பையிலிருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். எறும்பு புத்தி சும்மா இருக்குமா, அண்ணன் மூன்று நாள் கூர்ந்து கவனித்தார். தம்பி டீ குடிக்கப் போனால் வண்டி திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வந்தால் உட்கார்ந்தது. தம்பி வேலை செய்தாலும் உட்கார்ந்தது, செய்யாவிட்டாலும் உட்கார்ந்தது. ஸ்டூலில் அவர் இருந்தால் போதும்.

"நீ உக்காரு. நான் ஒட்டறேன்" என்றார் அண்ணன். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஒரு தொழிலைச் சீராகப் பங்கு போடுகிறவர் பேச்சு அது.

நாலாம் நாள் காலையிலிருந்து ஒட்டுக்காரர் உட்கார்ந்தார். முதலில் கை பரபரத்தது. ஒரு நெம்புக் கம்பியை எடுத்துத் துடைத்தார், அண்ணன் வாங்கி வைத்துவிட்டார். பால்காரர் வந்து, ஆள் வைத்துவிட்டாயா, முதலாளியாகிவிட்டாயே, உன் உழைப்புக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்றார். ஒட்டுக்காரர் கையைத் தூக்கிக் காட்டவில்லை. மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் மெஷினை அண்ணன் நிறுத்தினார். வெளியே காற்று வீசவில்லை. ரோட்டில் வண்டி இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த வளைவில் அவர் சும்மா இருந்ததே கிடையாது. ஒன்று சுத்தியல் தட்டிக்கொண்டிருப்பார், இல்லை மெஷின் ஓடும். முதல்முறையாக அந்த இடம் எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது.

அப்போதுதான் கேட்டது. டிக்.

ரோட்டிலிருந்து. சிமெண்டுத் தரையில் பொத்தான் விழுந்த மாதிரி, ரொம்பச் சின்னச் சத்தம். எத்தனை வருஷமாக அது கேட்டுக்கொண்டிருந்ததோ, வேலைச் சத்தத்தில் அவர் காதில்தான் விழவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சுவரோரம், நிழல் முடிகிற இடத்தில், வழக்கம்போல அன்று காலையிலும் மூன்று தடவை காந்தம் இழுத்த அதே தாரில், ஓர் ஆணி எழுந்து நின்றுகொண்டிருந்தது. முனை மேலே. அது அவரைப் பார்ப்பது போல இருந்தது.

நேர் ரோட்டில் தூரத்தில் ஒரு வண்டி வந்தது. புருஷன் ஓட்ட, பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து, நடுவில் ஒரு குழந்தை. குழந்தை கையில் பலூன். இன்னும் வளைவுக்கு வரவில்லை. ஓடினால் பத்தடி, ஆணியைத் தட்டிவிட நேரம் இருந்தது. ஒட்டுக்காரர் ஸ்டூலை விட்டுப் பாதி எழுந்தார்.

அண்ணன் கையில் உப்புத்தாளும் ஒட்டும் தயாராக இருந்தது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தார். அவருடைய வீட்டில் முந்தின நாள்தான், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், இரண்டு வேளைச் சோறு ஆகியிருந்தது.

"உக்காருடா" என்றார் மெதுவாக. "வண்டி வருது. எழுந்திரிக்காதே."

ஒட்டுக்காரர் உட்கார்ந்தார்.